எட்டு சென்ட்

தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குச் சில்லறையின் போக்கு நன்றாகத் தெரியும். பெரிய தொகையை இரண்டு தரம் எண்ணி வாங்குகிறவர்கூட மீதி ஐம்பது பைசா என்றால் "இருக்கட்டும்மா" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். காரைக்காலைச் சுற்றியுள்ள தபால் ஆபீஸ்களில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது கையில் மிஞ்சும் காசை அதிகப்படி என்று எழுதி அரசாங்கக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். மனமுவந்து விட்டுப்போன அந்தக் காசுக்கு ஒரு நல்ல போக்கிடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

உலகத்தில் வேறு சிலரும் அப்படி யோசித்திருக்கிறார்கள், யோசித்ததைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பணம் சேர்த்த வரலாற்றில் ஓட்டப்பந்தயம் உண்டு, நள்ளிரவு நடை உண்டு, ரிப்பன் உண்டு. எனக்குத் தெரிந்தது ஸ்டாம்ப். அந்த வழியாகப் பணம் எப்படி வந்தது, யார் யார் கூடி இழுத்து வந்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

கதை காசநோயில் தொடங்குகிறது. 1903 கிறிஸ்துமஸ் சமயத்தில் டென்மார்க்கில் ஐனார் ஹோல்பல் என்ற தபால் ஊழியர் வாழ்த்துக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பண்டிகை நேரத்துத் தபால் எப்படிக் குவியும் என்பது எனக்குத் தெரியும். பொங்கல் வாழ்த்து அட்டைகள் வந்த காலத்தில் எங்கள் ஆபீஸில் நடக்கக்கூட இடம் இருக்காது. அந்தக் குவியலுக்கு நடுவில் அவருக்குத் தோன்றியது இது: ஒவ்வொரு உறையிலும் ஒரு சின்னச் சீலை ஒட்டச் சொல்லி, அதற்கு மிகச் சிறிய விலை வைத்தால், காசநோய் கண்ட குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டலாம். அடுத்த கிறிஸ்துமஸுக்கே ராணி லூயிஸின் படம் போட்ட சீல் வந்தது. விலை 2 ஓரே. அந்த ஒரு பருவத்தில் 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. கோல்டிங் என்ற ஊரில் குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரியும் எழுந்தது.

சீல் வேறு, ஸ்டாம்ப் வேறு. சீலை ஒட்டினால் கடிதம் போகாது; தபால் கட்டணத்துக்குத் தனியாக ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். நம் ஊரில் காந்தி ஜெயந்தியை ஒட்டிப் பள்ளிக்கூடங்களில் விற்கும் டி.பி. சீல் இந்த வகைதான். என் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

டேனிஷ் சீலைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு 1907இல் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் எமிலி பிஸ்ஸல் என்ற பெண்மணி அதே வேலையில் இறங்கினார். பிராண்டிவைன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய காசநோய் இல்லம் மூடும் நிலைக்கு வந்திருந்தது. தேவைப்பட்ட தொகை 300 டாலர். சீல் அச்சடிக்கவே அவர் கடன் வாங்கினார். வில்மிங்டன் தபால் ஆபீஸில் ஒரு சீல் ஒரு சென்ட் என்று விற்க ஆரம்பித்தார்கள். கிடைத்தது 3,000 டாலர். அதற்குப் பிறகு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சீல் இல்லாத டிசம்பரே இல்லை என்றாயிற்று. ஒரு பெண்கள் கூட்டம், தினமும் ஊரே வந்துபோகும் ஒரு வாசல், யாருக்கும் கனக்காத ஒரு தொகை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் காரியம் நடந்திருக்கிறது.

கட்டணமும் நன்கொடையும் ஒரே தாளில் சேர்ந்த ஸ்டாம்ப் அதற்கும் முன்பே பிறந்துவிட்டது. 1897இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் காசநோயாளிகள் இல்லத்துக்காக இரண்டு ஸ்டாம்ப் போட்டார்கள். ஒரு பென்னி மதிப்புள்ளதை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். அதாவது பன்னிரண்டு மடங்கு. பணக்காரர்களும் சேகரிப்பாளர்களும் வாங்கும் விலை அது. கடிதம் போட வருகிற சாதாரண மனுஷி எப்படி வாங்குவாள்? கூடுதல் என்பது கூடுதலாகத் தெரியாத அளவில் இருக்க வேண்டும் என்பதை உலகம் கற்றுக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

புற்றுநோய்க்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் புற்றுநோய்க்குப் பணம் என்றால் பெரும்பாலும் ரேடியத்துக்குப் பணம் என்றே அர்த்தம். மார்பை, அதன் அடியிலுள்ள தசையோடும் அக்குள் நெறிகளோடும் சேர்த்து அடியோடு எடுத்துவிடுவதுதான் அப்போதைய வைத்தியம். 1920களில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் ஜெஃப்ரி கீன்ஸ் என்ற அறுவை மருத்துவர், ரேடியம் அடைத்த ஊசிகளை மார்பில் பதித்து, மார்பை எடுக்காமலே வைத்தியம் செய்து பார்த்தார். பொருளாதார நிபுணர் கீன்ஸின் தம்பி அவர். சக மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. ஆனால் ரேடியம் கிடைத்தால்தானே அப்படி ஒரு வழியாவது பிறக்கும்? ஒரு கிராம் ரேடியம் ஒரு லட்சம் டாலர் விற்ற காலம்.

ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரியிடமே ஆராய்ச்சிக்குப் போதுமான ரேடியம் இருக்கவில்லை. அவரைப் பேட்டி காணப் போன அமெரிக்கப் பத்திரிகையாசிரியை மேரி மெலோனி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, ஒரு கிராம் ரேடியம் என்றார் கியூரி. மெலோனி ஊருக்குத் திரும்பி முதலில் போட்ட கணக்கு எளிமையானது: பத்துப் பணக்காரப் பெண்கள், ஆளுக்குப் பத்தாயிரம் டாலர். அந்தக் கணக்கு பலிக்கவில்லை. பிறகுதான் நாடு முழுவதும் உள்ள பெண்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டும் இயக்கமாக அதை மாற்றினார். ஒரு வருடத்துக்குள் பணம் சேர்ந்துவிட்டது. 1921 மே 20 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் அந்த ரேடியத்தைக் கியூரியிடம் ஒப்படைத்தார். பத்துப் பேரால் ஆகாததைப் பல்லாயிரம் பேர் முடித்துவைத்த இந்தச் சம்பவத்தை நிதி திரட்டக் கிளம்புகிற எந்தக் குழுவும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுவீடன் அதையே ஸ்டாம்ப் வழியாகச் செய்தது. அரசர் ஐந்தாம் குஸ்தாவ் 1928இல் எழுபது வயதை எட்டியபோது, அவர் பெயரில் திரட்டிய நிதி புற்றுநோய்க்கு என்று முடிவாயிற்று. அவர் படம் போட்ட ஸ்டாம்ப்களில் 5 ஓரே கூடுதலாக வைத்து விற்றார்கள். கவனிக்க வேண்டும், பன்னிரண்டு மடங்கு இல்லை. ஸ்டாக்ஹோமின் ரேடியம்ஹெம்மட் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 1930களில் புதுக் கட்டடம் எழும்பியது அந்த நிதியில்தான்.

எங்கள் ஊர் இந்தக் கதைக்குள் வருவது 1938இல். ரேடியம் கண்டுபிடித்து நாற்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட பிரான்ஸ் ஒரு நீல ஸ்டாம்ப் வெளியிட்டது. பியேர் கியூரியும் மேரி கியூரியும் ஆய்வுக்கூடத்தில் நிற்கிற படம். முகவிலை 1 பிராங்க் 75 சாந்தீம். கூடுதல் 50 சாந்தீம். அந்தக் கூடுதல், புற்றுநோய்க்கு எதிரான சர்வதேச ஒன்றியத்துக்கு. அதே படத்தைப் பிரான்சின் இருபதுக்கும் மேற்பட்ட காலனிகளும் அவரவர் பெயரில் வெளியிட்டன. அவற்றில் பிரெஞ்சிந்தியாவும் ஒன்று. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம், சந்திரநாகூர் எல்லாவற்றுக்கும் அப்போது ஒரே ஸ்டாம்ப். ரூபாய்க்கு 8 பணம், பணத்துக்கு 24 காசு என்று கணக்கு ஓடிய காலம். தபால் விலைக்கு மேல் சில காசுகளைக் காரைக்கால்காரர்களும் புற்றுநோய்க்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். பழைய வீடுகளைக் காலி செய்யும்போது கிடைக்கும் கடிதக் கட்டுகளில் அந்தக் கியூரி ஸ்டாம்ப்பைத் தேடுவது என் பழக்கம். ஒட்டி முத்திரை குத்தின ஒன்று என் ஆல்பத்தில் இருக்கிறது. புதுசாக, கோந்து கலையாமல் கிடைப்பதைவிட இதுதான் எனக்குப் பெரிது. யாரோ ஒருவர் கடிதம் போட வந்த இடத்தில் அந்தக் காசைக் கொடுத்திருக்கிறார் அல்லவா?

அந்தக் காசு அன்றைக்குக் காரைக்காலில் மார்பில் கட்டி வந்த ஒரு பெண்ணுக்கு உதவியதா என்றால், இல்லை. பணம் பாரிஸுக்குப் போயிற்று. நம் பக்கத்துப் பெண் வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934இல் திறந்த பர்னார்ட் கதிரியக்க நிலையம் வரைக்கும் போக வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மெட்ராஸில் தனிப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேச ஆரம்பித்திருந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். அதற்காக இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி தொடங்கியது 1949இல். நேரு அடிக்கல் நாட்டியது 1952இல். அடையாறில் 12 படுக்கைகளோடு கதவு திறந்தது 1954 ஜூன் 18இல். ஒரு பெண்கள் சங்கத்தின் பெயரைத் தன் பெயரிலேயே இன்றும் சுமக்கிற ஆஸ்பத்திரி அது. அந்தக் கதை தனியே ஒரு புத்தகமாக எழுத வேண்டியது. இங்கே தொட்டுவிட்டு மட்டும் போகிறேன்.

ஸ்டாம்ப்பில் இன்னொரு வழியும் உண்டு, கட்டாய வசூல். பனாமாவில் 1939இலிருந்து புற்றுநோய் ஒழிப்புக்கென்று ஒரு சென்ட் ஸ்டாம்ப்பைத் தபாலில் ஒட்டியே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். அதிலும் கியூரி தம்பதியின் படம்தான். கட்டாயத்தின் ருசி நமக்கும் தெரியும். 1971 நவம்பர் 15ஆம் தேதி முதல், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்காக 5 பைசா கூடுதல் ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னது இந்திய அரசு. அவசரத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்ப்பின் மேலேயே அகதிகள் நிவாரணம் என்று அச்சடித்து அனுப்பினார்கள். அது வந்து சேராத ஊர்களில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்திக்கொண்டார்கள். என் அப்பா அப்போது நாகப்பட்டினம் பக்கத்தில் சப்-போஸ்ட் மாஸ்டர். கடிதம் போட வந்தவர்களில் நல்ல மனத்தோடு கொடுத்தவர்கள் நிறைய. ஆனால் "ஏன் சாமி, இதையும் எங்க தலையில கட்டணுமா?" என்று கேட்டவர்களுக்கும் அப்பாதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "கேட்டு வாங்குறது வேற, எடுத்துக்கிறது வேற" என்று வீட்டில் சொல்வார். அகதிகளுக்கு உதவ வேண்டும் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கொடுக்கிறவருக்குக் கொடுத்தோம் என்ற நிறைவு கிடைக்கவில்லையே என்பதுதான் அவர் குறை. 1973 மார்ச்சோடு அந்த ஸ்டாம்ப் நின்றுபோயிற்று.

இனி அமெரிக்கா. மார்பகப் புற்றுநோய்க்கென்று தனியாக ஒரு ஸ்டாம்ப் வருவதற்கு முன்பே அந்த நாட்டுப் பெண்கள் தபாலைத் தங்கள் கருவியாக ஆக்கியிருந்தார்கள். 1991இல் பல அமைப்புகள் ஒன்றாகி ஒரு தேசியக் கூட்டணியை உருவாக்கின. அதன் முதல் வேலையே கடிதம் போடுவதுதான்: ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் கூட வேண்டும் என்று கேட்டு அந்த ஆண்டு இந்த நோய் வரும் எனக் கணக்கிட்டிருந்த பெண்களின் எண்ணிக்கைக்குச் சமமாக 1,75,000 கடிதங்கள். வந்து விழுந்தவை 6 லட்சம். ஒரு கடிதத்தை எடுத்து, முத்திரை குத்தி, பிரித்து, பையில் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவள் என்பதால் அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகத் தெரிவதில்லை.

அடுத்த ஆண்டு பலன் வந்தது, யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. அப்போதைய பட்ஜெட் சட்டப்படி ராணுவப் பணத்தை எடுத்து வேறு துறைக்குக் கொடுக்க முடியாது. தன் சகோதரிகள் இருவரை மார்பகப் புற்றுநோய்க்கு இழந்த செனட்டர் டாம் ஹார்க்கின் அதற்கு வழி கண்டார்: பணம் ராணுவத் துறையிலேயே இருக்கட்டும், ஆராய்ச்சியை அந்தத் துறையே நடத்தட்டும். இப்படி 21 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அமெரிக்க ராணுவத் துறை இன்றைக்கும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற காரணம் அதுதான்.

அதே சமயத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற 68 வயது மூதாட்டி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெளிர் ஆரஞ்சு நிற ரிப்பன்களை வெட்டி மடித்துக்கொண்டிருந்தார். அவர் பாட்டிக்கும் சகோதரிக்கும் மகளுக்கும் இந்த நோய் வந்திருந்தது. ஐந்து ரிப்பன்களை ஒரு அட்டையில் குத்துவார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு பட்ஜெட் 180 கோடி டாலர், அதில் ஐந்து சதவீதம்தான் தடுப்புக்குப் போகிறது, சட்டசபைக்காரர்களை எழுப்ப இதை அணிந்துகொள்ளுங்கள் என்று அட்டையில் இருக்கும். ஆயிரக்கணக்கில் கையாலேயே செய்து கொடுத்தார், ஒரு காசு கேட்கவில்லை. ஒரு பெண்கள் பத்திரிகையும் ஒரு அழகுசாதன நிறுவனமும் தங்கள் இயக்கத்தில் அந்த ரிப்பனைச் சேர்க்க விரும்பியபோது, வியாபாரமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். 1992இல் பிங்க் ரிப்பன் பிறந்தது இப்படித்தான். அந்த ரிப்பனால் பல நல்ல காரியங்கள் நடந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் எங்கே போகிறது என்று கேட்ட அந்த அட்டை காணாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அந்தக் கேள்வி இல்லாமல் நிதி திரட்டக் கூடாது.

அந்தக் கேள்விக்குப் பதிலோடு வந்தது ஸ்டாம்ப். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரத்து மார்பக அறுவை மருத்துவர் எர்னி போடாய்க்கு ஒரு யோசனை. 1996இல் அமெரிக்கத் தபால் துறை மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு ஸ்டாம்ப் ஒன்றை 32 சென்ட்டுக்கு வெளியிட்டிருந்தது. பார்க்க அழகுதான், ஆராய்ச்சிக்கு அதிலிருந்து ஒரு சென்ட் கிடையாது. அதோடு சில சென்ட் சேர்த்து விற்றால் என்ன? அவர் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார், சொந்தப் பணத்தைப் போட்டு வாஷிங்டனுக்கு அலைந்தார். அந்த நோயிலிருந்து மீண்ட பெட்ஸி முல்லனும் கூடச் சேர்ந்தார். நோயிலிருந்து மீண்ட பெண்கள் கூட்டம் கூட்டமாக எழுதினார்கள். செனட்டில் டயான் ஃபைன்ஸ்டைன் அதைக் கையில் எடுத்தார்.

தபால் துறைக்கு இதில் இஷ்டமில்லை. நிதி திரட்டுவது எங்கள் வேலையில்லை, கணக்கு சிக்கலாகும், இன்று இதற்குக் கொடுத்தால் நாளை நூறு நோய்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்றது. அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தவள் என்ற முறையில் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு புது ஸ்டாம்ப் வந்தாலே ரிஜிஸ்டரில் ஒரு வரி கூடும், சாயங்காலம் ஒரு சரிபார்ப்பு கூடும். ஆனாலும் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: வாசலில் நிற்கிற பெண் வாங்குவாளா? அதற்குக் காங்கிரஸ் பதில் சொன்னது. 1997 ஆகஸ்ட் 13 அன்று கிளின்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் நன்கொடை சேர்ந்த ஸ்டாம்ப் அதுதான் முதல்.

சட்டம் ஒரு வரம்பு வைத்தது: சாதாரணக் கடிதக் கட்டணத்துக்கு மேல் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 32க்கு 25 சதவீதம் 8. ஸ்டாம்ப்பின் விலை 40 சென்ட் ஆயிற்று. செலவு போக மீதியில் 70 சதவீதம் தேசியச் சுகாதார நிறுவனங்களுக்கு, 30 சதவீதம் ராணுவத் துறையின் அந்த ஆராய்ச்சித் திட்டத்துக்கு. 1998 ஜூலை 29 அன்று வெள்ளை மாளிகையில் வெளியிட்டார்கள்.

படத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஈதல் கெஸ்லர் வடிவமைத்து, விட்னி ஷெர்மன் வரைந்தது. வேட்டைத் தெய்வமான ஒரு பெண், முதுகுத் தூணியிலிருந்து அம்பு எடுக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று நாமே தடவிப் பார்க்கும்போது கையை வைக்கும் நிலையும் அதுதான். போராட்டத்துக்குப் பணம் கொடுங்கள், குணமாக்கும் வழியைக் கண்டுபிடியுங்கள் என்ற வாசகம் ஒரு மார்பு இருக்க வேண்டிய இடத்தில் வளைந்து நிற்கிறது. ஒரு அங்குலத் தாளுக்குள் இவ்வளவையும் அடக்கியவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நியூ ஜெர்சியில் இருந்த என் பெரியப்பா மகன் போட்ட கடிதத்தில் இரண்டு ஒட்டி வந்தது. இந்தியாவுக்கு அப்போது 60 சென்ட் கட்டணம். 80 சென்ட் கொடுத்து வாங்கியதில் தபாலுக்குப் போனது 64, ஆராய்ச்சிக்கு 16. கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் அந்தக் கணக்கைத்தான் போட்டேன்.

கவுன்டர்காரர்கள் மட்டும் கவனிக்கக்கூடிய ஒரு விஷயம் இதில் உண்டு. 1999 ஜனவரியில் கடிதக் கட்டணம் 33 ஆனது, 2001இல் 34 ஆனது. ஸ்டாம்ப்பின் விலை 40லேயே நின்றது. ஆகவே நோய்க்குப் போன தொகை எட்டிலிருந்து ஏழாகி, ஆறாகித் தேய்ந்தது. 2002இல் விலையை 45 ஆக்கிய பிறகுதான் சரியாயிற்று. தபால் கட்டணம் ஏறும்போதெல்லாம் நன்கொடையைக் காப்பாற்ற யாராவது விழித்திருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு என்று தொடங்கியதைக் காங்கிரஸ் மறுபடி மறுபடி நீட்டித்தது. இதுவரை விற்றது 100 கோடிக்கும் மேல். சேர்ந்தது 8 கோடி டாலருக்கும் மேல். இதன் வெற்றியைப் பார்த்து, 2001 செப்டம்பர் தாக்குதலில் பாதிக்கப்பட்ட மீட்புப் பணியாளர்களுக்கு ஒரு ஸ்டாம்ப்பும், குடும்ப வன்முறைக்கு எதிராக ஒரு ஸ்டாம்ப்பும் வந்தன. முதலாவது சுமார் ஒரு கோடி டாலரைத் திரட்டியது, இரண்டாவது சுமார் 30 லட்சம். இரண்டும் சில ஆண்டுகளில் நின்றுவிட்டன. காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான்: மார்பகப் புற்றுநோய் ஸ்டாம்ப்புக்குப் பின்னால், அதைக் கேட்டு வாங்குகிற, கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அதையே ஒட்டுகிற பெண்களின் பெருங்கூட்டம் இருந்தது. மற்ற இரண்டுக்கும் அனுதாபம் இருந்தது, ஆள் கூட்டம் இல்லை.

அந்த எட்டு சென்ட் என்ன செய்தது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2006இல் தொடங்கிய டெய்லர்-எக்ஸ் என்ற ஆராய்ச்சி. பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் மட்டுமில்லை, கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து, பெருவிலும். அதன் செலவில் ஒரு பகுதியை இந்த ஸ்டாம்ப் பணம் ஏற்றது. ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை, அக்குள் நெறிக்குப் பரவாத நிலை. இப்படிப்பட்ட பெண்களுக்கு அறுவைக்குப் பிறகு கீமோ கொடுப்பது அப்போது வழக்கம். கட்டியிலிருந்து 21 ஜீன்களைச் சோதித்து, நோய் திரும்பும் வாய்ப்பு நடுத்தரமாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஹார்மோன் மருந்து மட்டும், மற்றவர்களுக்குக் கீமோவும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது: அவர்களில் பெரும்பாலோருக்குக் கீமோவால் கூடுதல் பலன் இல்லை. ஐம்பது வயதுக்கு உட்பட்ட சிலருக்குத்தான் கொஞ்சம் பலன் தெரிந்தது. மருந்துக் கம்பெனி எதுவும் தன் மருந்து வேண்டாம் என்று நிரூபிக்கப் பணம் செலவழிக்காது. அதற்கு ஊர்ப்பணம்தான் வேண்டும்.

என் நாத்தனாருக்கு 1990களின் ஆரம்பத்தில் மார்பில் கட்டி வந்து, மெட்ராஸில் அறுவையும் ஆறு கீமோவும் ஆயிற்று. ஒவ்வொரு கீமோவுக்கும் ராத்திரி பஸ். வாந்தியோடு திரும்பி வருவாள். இடுப்பு வரை இருந்த முடி தலையணையில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த ஆராய்ச்சியைப் பற்றி நான் படித்துச் சொன்னபோது அவள் கேட்டது: "அப்பவே இது இருந்திருந்தா எனக்கு அந்த ஊசி போட்டிருக்க மாட்டாங்கல்ல அண்ணி?" அவளுக்கு அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. "உனக்கு வேண்டித்தான் இருந்திருக்கும்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வேற பொம்பளைங்களுக்காவது மிச்சமாச்சே" என்றாள். அவள் இன்றும் எங்களோடு இருக்கிறாள், பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறாள்.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இப்போது மார்பகப் புற்றுநோய்க்குத்தான். நம்மிடம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் ஆபீஸ்கள் உண்டு, பெரும்பாலானவை கிராமங்களில். கடிதம் குறைந்துவிட்டது என்பார்கள். குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் பெண்கள் வருவது குறையவில்லை. ஆர்.டி. கட்ட, பெண் குழந்தையின் செல்வமகள் கணக்கில் பணம் போட, ஓய்வூதியம் வாங்க என்று அவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு ஆர்.டி. ஏஜென்ட்கள் மாதாமாதம் போகிறார்கள். 1972இலிருந்து நடக்கும் திட்டம் அது, ஏஜென்ட்கள் எல்லாரும் பெண்கள். ஒவ்வொரு தெருவிலும் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தவர்கள். வில்மிங்டன் தபால் ஆபீஸ் வாசலில் நின்ற பெண்களைவிடப் பெரிய படை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பணத்துக்கு வேலையும் காத்திருக்கிறது. மும்பையில் டாடா நினைவு ஆஸ்பத்திரி, ஸ்டாம்ப் வெளிவந்த அதே 1998இல், ஒன்றரை லட்சம் பெண்களோடு ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கியது. இயந்திரம் இல்லாமல், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைச் சோதித்தார்கள். 2021இல் வந்த முடிவின்படி, ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இந்த நோயால் வரும் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. இளவயதுப் பெண்களிடம் அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் தன் கையால் செய்யக்கூடிய சோதனை. அதற்குப் பயிற்சியும் சம்பளமும் பஸ் செலவும் போதும்.

ஐந்து ரூபாய்க் கடித ஸ்டாம்ப்புக்கு 25 சதவீத வரம்பு வைத்தால் ஒன்றேகால் ரூபாய் வரும். ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்குகளை எல்லாம் எழுதி, எங்கள் பகுதி ஆர்.டி. ஏஜென்ட்களின் கையெழுத்தோடு புதுடெல்லி டாக் பவனுக்கு ஒரு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்டாம்ப்பின் விலை 6 ரூபாய். வாங்குவது வாங்குகிறவர் விருப்பம். கடிதக் கட்டணம் ஏறினால் நன்கொடை குறையாதபடி விலையையும் அன்றே மாற்ற வேண்டும். ஏஜென்ட்கள் கையிலும் ஷீட் கொடுக்க வேண்டும். வந்த பணம் எவ்வளவு, எந்த மாவட்டத்தில் எத்தனை பெண்களைச் சோதிக்கச் செலவாயிற்று என்ற விவரத்தை ஆண்டுதோறும் எல்லாக் கவுன்டரிலும் தமிழில் ஒட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.